மரைக்கு வைத்த எண்ணெய்

என் வலது கை மணிக்கட்டோடு முடிந்துவிடுகிறது. புதிதாக வருகிறவர்கள் முதலில் அதைப் பார்ப்பார்கள், பிறகு என் முகத்தைப் பார்ப்பார்கள், பிறகு மோட்டுவளையைப் பார்ப்பார்கள். கேட்கவும் ஆசை, கேட்கவும் கூச்சம். அவர்கள் படும் பாட்டைப் பார்க்கச் சகிக்காமல் நானே சொல்லிவிடுவேன், "கரும்பாலையில போயிருச்சுங்க" என்று. அதோடு விட்டால் பரவாயில்லை. யாருடைய தப்பு என்று அடுத்த கேள்வி வரும். அதற்கு நான் ஒரு பொய் வைத்திருந்தேன். மருந்து போலி என்பேன். என் அண்ணன் உயிரோடு இருந்த வரைக்கும் அந்தப் பொய்யை நான் மாற்றிச் சொன்னதில்லை.

பரமத்தி வேலூருக்கு மேற்கே, வாய்க்கால் பாசனத்தில் எங்களுக்குக் கொஞ்சம் கரும்புக்காடு இருந்தது. எழுபதுகளின் நடுவில் அப்பா போய்ச் சேர்ந்ததும், அண்ணன் பழைய ஆலை ஒன்றையும் ஒரு ஆயில் இன்ஜினையும் வாங்கிக் காட்டுக்குள்ளேயே கொட்டகை போட்டார். மூன்று இரும்பு உருளைகள் சுற்றும். கரும்பைக் கொடுத்தால் இந்தப் பக்கம் பாலும் அந்தப் பக்கம் சக்கையுமாக வரும். பாலைக் கொப்பரையில் காய்ச்சி வெல்லம் பிடிப்போம். கரும்பு கொடுக்கிறது நான். அடுப்புக்குச் சக்கை தள்ளுகிறது அண்ணி. மற்ற எல்லாமும் அண்ணன்.

அண்ணனுக்கு இரும்பு என்றால் உயிர். எங்கள் ஆலையை மட்டுமல்ல, அக்கம்பக்கத்துத் தோட்டத்து மோட்டார், பம்பு எல்லாவற்றையும் அவரே பிரித்து மாட்டுவார். அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. எந்த போல்ட்டையும் எண்ணெயில் முக்காமல் முறுக்க மாட்டார். அவர் மட்டுமல்ல, எங்கள் பக்கத்தில் எல்லாரும் அப்படித்தான். வாய்க்கால் ஈரமும் கரும்புப்பால் புளிப்பும் பட்டால் இரும்பு ஒரே பருவத்தில் துருப்பிடித்து, அடுத்த வருஷம் கழற்றும்போது போல்ட்டு தலை முறிந்து கையோடு வரும். அதனால் எதைக் கழற்றினாலும் மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, எண்ணெய் பூசித்தான் மாட்டுவது. எண்ணெய் பூசாத இரும்பு எங்கள் கணக்கில் சுத்தமான இரும்பு இல்லை. வருஷத்தில் ஒரு சனிக்கிழமைகூட ஒழுங்காகத் தலைக்கு எண்ணெய் வைத்துத் தண்ணி வார்த்துக்கொள்ளாத மனிதர், ஆலையில் ஒரு போல்ட்டு விடாமல் எண்ணெய் வைத்துவிடுவார். "இரும்புன்னாலும் எண்ணெ வெச்சாத்தான் சாமி, சொன்ன பேச்சுக் கேக்கும்" என்பார். பாசமாகப் பேசும்போது என்னைச் சாமி என்றுதான் கூப்பிடுவார்.

பக்கத்து ஊர் ஆலையில் ஒருவருக்கு விரல் போன சேதி வந்த அன்றைக்கு அண்ணன் சாப்பிடவில்லை. மறுநாளே வேலூருக்குப் போய்த் தடித் தகடு வாங்கி வந்து, ஆலையின் வாய்க்கு முன்னால் ஒரு கூடு செய்து மாட்டினார். கரும்பு மட்டும் நுழையும், கை நுழையாது. கூட்டின் அடித்தகட்டில் கையை ஊன்றிக்கொண்டு கரும்பைத் தள்ளினால் போதும். "இனி நீ தூங்கிக்கிட்டே கரும்பு குடுக்கலாம்டா" என்றார். அந்தக் கூடு என் கைக்காகச் செய்தது.

கூட்டைத் தாங்கிய போல்ட்டுகள் ஆலையின் வார்ப்பு உடம்புக்குள் நேராக மரையில் ஏறுபவை. பின்னால் நட்டுப் போட இடமில்லை. வார்ப்பு இரும்பில் வெல்டிங்கும் நிற்காது. இன்ஜின் ஓடுகிற அதிர்வில் போல்ட்டுகள் தானாகச் சுற்றிச் சுற்றி வெளியே வந்துவிடும். அண்ணன் ஸ்பிரிங் வாஷர் போட்டார், பெயிண்டைத் தடவினார், மரையில் சணல் சுற்றினார். கடைசியில் போல்ட்டுத் தலைகளைக் கம்பியால் ஒன்றோடொன்று இழுத்துக் கட்டினார். கம்பி நின்றது. ஆனால் அதன் நுனி என் முழங்கையைக் கிழித்துக்கொண்டே இருந்தது. காலையில் இன்ஜினைக் கிளப்பும் முன்னால் அவர் ஸ்பேனரோடு கூட்டையே சுற்றிவருவதைப் பார்த்து, "மரை கழண்டது ஆலைக்குங்களா, உங்களுக்குங்களா?" என்று கேட்பேன். எண்ணெய்த் துணியை என் மேல் எறிவார்.

எண்பதுகள் பிறந்து கொஞ்ச காலத்தில் நாமக்கல் லாரிப் பட்டறைகளுக்குப் புதிதாக ஒரு சரக்கு வந்தது. மரையில் ஒரு சொட்டு விட்டு போல்ட்டை முறுக்கினால், உள்ளேயே இறுகி, எந்த அதிர்வுக்கும் கழலாது. உதிரிச் சாமான் கடைக்காரர் அதன் பெயரை இங்கிலீஷில் சொன்னாராம். அண்ணனுக்கு வாயில் நுழையவில்லை. எங்கள் வீட்டில் அது மருந்து என்றே ஆனது. சின்னக் குப்பி. வேட்டிக்குப் போடும் நீலம் மாதிரி ஒரு நீலம். நன்றாகச் சுத்தம் பண்ணிவிட்டுப் போடச் சொல்லியிருந்தார் கடைக்காரர்.

அண்ணன் சுத்தம் பண்ணினார். அவர் பண்ணியதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். போல்ட்டுகளை மண்ணெண்ணெயில் ஊறவைத்தார், பிரஷ் போட்டுத் தேய்த்தார், துணியால் துடைத்தார். பிறகு, வந்திருப்பது உசத்தியான மருந்தாயிற்றே என்று, வழக்கமான கழிவு ஆயிலை ஒதுக்கிவிட்டு, அண்ணியிடம் நல்ல விளக்கெண்ணெய் கேட்டு வாங்கினார். ஒவ்வொரு மரைக்கும் விரலால் எண்ணெய் பூசினார். அதன் மேல்தான் மருந்தை விட்டார். எங்கள் ஊரில் யார் செய்திருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார்கள். நானும் அதைத்தான் செய்திருப்பேன். ஒரு நாள் முழுக்க ஆலையை ஓட்டாமல் காயவிட்டார். பிறகு என் முழங்கையைக் கிழித்துக்கொண்டிருந்த கம்பியை வெட்டி எறிந்தார்.

பொங்கல் நெருக்கம். வெல்லத்துக்குக் கிராக்கி அதிகம். கொப்பரை கொதித்துக்கொண்டிருந்தது. நான் வழக்கம்போல அடித்தகட்டில் கையை ஊன்றிக் கரும்பைத் தள்ளினேன். கூடு அப்படியே சரிந்தது. ஊன்றிய கை தகட்டோடு முன்னால் போயிற்று.

இதில் எனக்கு வலி ஞாபகமில்லை. அண்ணன் முகம்தான் ஞாபகம். ஓடிவந்து பெல்ட்டைக் காலால் உதைத்துத் தள்ளினார். உருளைகள் நின்றன. ஆனால் உருளை விழுங்கியதை உருளைதான் திருப்பித் தரவேண்டும். பெரிய சக்கரத்தைப் பின்பக்கமாகக் கையால் சுற்றினால்தான் என் கை வெளியே வரும். அண்ணி சோறெடுக்க வீட்டுக்குப் போயிருந்தார், அதைச் சுற்ற அங்கே வேறு யாரும் இல்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே அண்ணன் சுற்றினார். கவனிப்பார் இல்லாமல் கொப்பரையில் பாகு கருகி, கொட்டகை முழுக்க அந்த நாற்றம். கருகிய வெல்லத்தின் வாசனை வந்தால் இப்போதும் எழுந்து வெளியே போய்விடுவேன்.

சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் நான் கிடந்தபோது, ஊரில் அண்ணன் கிணற்றைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறார். சோறு இல்லை, பேச்சு இல்லை. அண்ணி அடுப்பை மூட்டாமல் கிணற்று மேட்டிலேயே உட்கார்ந்து காவல் காத்திருக்கிறார். கூடு செய்தது நான், பூட்டியது நான், கம்பியை வெட்டியதும் நான் என்று அண்ணன் ஒரே பல்லவியாகச் சொல்லிக்கொண்டிருந்தாராம். அப்போதுதான் ஆலையைக் கழுவ வந்த ஆள், கீழே விழுந்துகிடந்த போல்ட்டுகளைப் பொறுக்கிக்கொண்டுவந்து காட்டியிருக்கிறார். மரையில் மருந்து காயவே இல்லை. தொட்டால் விரலில் நீலமாக வழிந்தது.

"இது போலிச் சரக்கு" என்று ஊரே சொன்னது. அண்ணன் எழுந்தார். நாமக்கல்லுக்குப் போய், அந்தக் கடை வாசலில் குப்பியைப் போட்டு உடைத்து, கூட்டம் கூடும்படி சத்தம் போட்டுவிட்டு வந்தார். வந்து கால் கழுவிக்கொண்டு, "சோத்தப் போடு" என்றாராம். கோபம் வந்த பிறகுதான் அவருக்குச் சோறு இறங்கியது. அண்ணி இதை என்னிடம் சொன்னபோது அழுதார். "அந்தக் கடக்காரன் நல்லா இருக்கட்டும் தம்பி. அவனத் திட்டித்தான் உங்கண்ணன் பொழச்சாரு" என்றார்.

அதன் பிறகு கரும்பு கொடுக்கிற வேலையை அண்ணன் யாரிடமும் விடவில்லை. கூட்டை மறுபடி கம்பி போட்டு இறுக்கி, தானே நின்றார். என்னைக் கிட்டவே சேர்க்கவில்லை. சந்தை, ஏலம், உதிரிச் சாமான் என்று வெளிவேலை எனக்கு வந்தது. சனிக்கிழமை என்றால் என்னை உட்காரவைத்துத் தலைக்கு எண்ணெய் வைத்து முதுகு தேய்த்துவிடுவார். ஒற்றைக் கையால் முதுகு தேய்க்க முடியாது என்று எனக்குத் தெரியும் முன்னால் அவருக்குத் தெரிந்திருந்தது. ஒரு கல்யாணப் பந்தியில் இடது கையால் சாப்பிடக் கூசி நான் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்த அண்ணன், வலது கையைத் துண்டுக்குள் சொருகிக்கொண்டு, இடது கையால் சோற்றைப் பிசைந்தார். எதிர்ப்பந்தி முழுக்க எங்களைப் பார்த்தது. வீட்டுக்கு வந்து அவரைக் கண்டபடி திட்டினேன். பேசாமல் கேட்டுக்கொண்டார்.

இரண்டு பருவம் போயிருக்கும். ஆலைக்குப் பெல்ட்டு வாங்க நாமக்கல் போனேன். பெல்ட்டுக் கடையை ஒட்டிய பட்டறையில் ஒரு மெக்கானிக் லாரி இன்ஜினைப் பூட்டிக்கொண்டிருந்தார். அவர் கையில் அதே குப்பி. அதே நீலம்.

"அந்தப் போலிச் சரக்கையாங்க போடறீங்க?" என்றேன்.

அவர் சிரித்தார். "போலியா? பத்து டன்னு லோடு ஏத்தி மலை ஏறி எறங்குது, ஒரு போல்ட்டு அசையலீங்க. பெட்ரோல்ல கழுவித் தொடச்சுக் காயவெச்சுப் போடோணும், அவ்வளவுதான். மரையில எண்ணெப் பசை இருந்தா மட்டும் புடிக்காது."

"வெளக்கெண்ணெ இருந்தாங்க?"

"எந்த எண்ணெ இருந்தாத்தான் என்னங்க? அடுத்த வருசமும் ஈரமாவே கெடக்கும்."

அங்கே கிடந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டேன். அவர் அப்போதுதான் என் கையைப் பார்த்தார். எந்த ஊர் என்று கேட்டார், சொன்னேன். சோடா வாங்கிவந்து கொடுத்தார். எனக்குக் குடிக்கத் தோன்றவில்லை.

வேலூர் போய்ச் சேரும் வரைக்கும் பஸ்ஸில் நான் என் அண்ணனை வெறுத்தேன். உள்ளதைச் சொல்கிறேன். அந்த விளக்கெண்ணெயும் அவருடைய இரும்புப் பாசமும் நாசமாகப் போகட்டும் என்று மனசுக்குள் கத்தினேன். வீட்டுக்குப் போனதும் முகத்துக்கு நேராகக் கேட்டுவிடுவது என்றுதான் இறங்கினேன். வாய்க்கால் கரையில் நடக்க நடக்க, அவர் கிணற்றைச் சுற்றிய கதை என்னோடு கூடவே நடந்தது. வீட்டு வாசலில் அண்ணன் எனக்கு வெந்நீர் விளாவிக்கொண்டிருந்தார்.

"பெல்ட்டு கெடச்சுதா சாமி?"

"கெடச்சுதுங்கண்ணா."

"அந்த மருந்துக்கடக்காரன் இன்னும் கடையத் தொறந்து வெச்சுருக்கறானா?"

கிணறு அங்கிருந்து பத்தடி. சொல்லிவிட்டால் இந்த மனிதர் இருக்க மாட்டார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. போன கை போனதுதான். அண்ணனையும் கொடுக்க நான் தயாராக இல்லை.

"தொறந்துதான் வெச்சுருக்கறானுங்க, திருட்டுப்பய" என்றேன்.

அண்ணன் சந்தோஷமாகத் திட்ட ஆரம்பித்தார். நானும் சேர்ந்து திட்டினேன். அது முதல் எங்கள் வீட்டில் அது ஒரு வேளைச் சாப்பாடு மாதிரி ஆகிவிட்டது. பேச்சு எங்கே தொடங்கினாலும் போலி மருந்தில் வந்து நிற்கும். அவர் விட்டால் நான் எடுப்பேன், நான் விட்டால் அவர் எடுப்பார். ஒரு பாவமும் அறியாத அந்தக் கடைக்காரரின் ஏழு தலைமுறையையும் அண்ணனும் தம்பியுமாகச் சேர்ந்து விளங்காமல் அடித்தோம். திட்டிவிட்டுப் படுத்தால் அவருக்குத் தூக்கம் வரும் என்று நினைத்துக்கொள்வேன்.

வருஷங்கள் போயின. நின்று நின்று அண்ணனுக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. கரும்புக்கட்டைத் தூக்கும்போது பல்லைக் கடிப்பார். ஒரு பருவத் தொடக்கத்தில் நான் பிடிவாதம் பிடித்தேன், இந்த வருஷம் கரும்பு நான் கொடுக்கிறேன் என்று. அவர் முகம் சுண்டிப்போனது.

"வேண்டாம் சாமி. அந்தப் பக்கமே வராத."

"இன்னொரு கை இருக்குதுல்லீங்கண்ணா."

"அது ஒண்ணுதானடா இருக்குது."

"ஒண்ணா இருந்தாலும் என்ற கைதானுங்க. கட்டிப் பொட்டியில வெக்கவா வெச்சுருக்கறேன்?" என்று கத்தினேன். எனக்கு வாய் நீளம், என்ன செய்ய. அதன் பிறகு சில நாள் அவர் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஒரு நாள் ஏலம் சீக்கிரம் முடிந்து மத்தியானமே வந்துவிட்டேன். கொட்டகையில் அண்ணன் மட்டும் இருந்தார். புதுத் தகட்டில் ஒரு கூடு செய்து வைத்திருந்தார். வெயிலில் சாக்கு விரித்து, அதன் மேல் கல்யாணத்துக்குக் கட்டுகிற வெள்ளை வேட்டியை மடித்துப் போட்டு, அதில் போல்ட்டுகளைப் பரப்பியிருந்தார். எண்ணெய் டப்பா கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை. பெட்ரோல் வாசனை வந்தது. ஒவ்வொரு போல்ட்டாகத் தலையை மட்டும் பிடித்து எடுத்து, வேட்டி முனையால் மரையைத் துடைத்து, ஊதி, திரும்பத் துடைத்தார். மடியிலிருந்து குப்பியை எடுத்தார். வெள்ளை வேட்டியில் ஒரு சொட்டு நீலம் விழுந்தது.

தூணைப் பிடித்துக்கொண்டேன். அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். என்னையும் பார்த்தார், கையிலிருந்த குப்பியையும் பார்த்தார். மறைக்க அவர் முயற்சி செய்யவில்லை.

"ஒரு ஆளுக்கு முறுக்க முடியல. வா வந்து புடி. கையத் தொடச்சுட்டு வா சாமி, எண்ணெ இருக்கப்போவுது" என்றார்.

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். ஒற்றைக் கையை எதைக் கொண்டு துடைப்பது என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. அவரே எழுந்து வந்து, என் இடது கையைப் பிடித்து, விரல் விரலாகத் துண்டால் துடைத்தார்.

"எப்பங்கண்ணா தெரியும்?" என்றேன்.

"உனக்குத் தெரிஞ்சதுக்கு அடுத்த வருசம். அதே பட்டறைக்குப் போனேன். ஊரச் சொன்னதும் அந்த மெக்கானிக்கு உன்னக் கேட்டான். டயரு மேல உக்காந்துட்டியாமா. சோடாகூடக் குடிக்கலியாமா."

"அப்பறம் எதுக்குங்க இத்தன வருசமா திட்டிக்கிட்டு இருந்தீங்க?"

அண்ணன் என் கையை விடவில்லை. "நீ திட்டறயே சாமி. எனக்காகத்தான திட்டற. நான் நிறுத்திட்டா எனக்குத் தெரிஞ்சு போச்சுன்னு உனக்குத் தெரிஞ்சுருமே" என்றார்.

கூட்டை அவர் தாங்கிப் பிடித்தார், போல்ட்டுகளை நான் இடது கையால் முறுக்கினேன். மருந்து இறுக ஒரு நாள் விட்டோம். மறுநாள் அவர் ஸ்பேனரில் தொங்கிப் பார்த்தார், அசையவில்லை. அந்தப் பருவம் முழுக்கக் கரும்பு நான்தான் கொடுத்தேன். அண்ணன் பக்கத்தில் ஒரு கல்லைப் போட்டு உட்கார்ந்து கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்காரரைப் பற்றி எங்கள் வீட்டில் அதன் பிறகு ஒரு வார்த்தை இல்லை. சாப்பிடும்போது பேச்சு வந்து அந்த இடத்தில் நிற்கும், இரண்டு பேரும் இலையைப் பார்ப்போம். அவர் திட்டிக்கொண்டே இருந்திருக்கலாம் என்று பல நாள் நினைத்திருக்கிறேன். திட்டுவதை நிறுத்திய பிறகுதான் அவர் உடம்பு ஒடுங்கியது.

எண்பதுகள் முடியும் முன்னால் அண்ணன் போய்விட்டார். படுக்கையில் கிடக்கவில்லை, தூக்கத்திலேயே போனார். அவர் உடம்பை வாசலில் உட்காரவைத்துத் தண்ணி வார்க்கும் முன், பங்காளிகள் ஒவ்வொருவராகத் தலைக்கு எண்ணெயும் அரப்புத் தூளும் வைத்தார்கள். என் முறை வந்தது. கிண்ணத்தில் நான் இடது கையை விட்டதும், பின்னாலிருந்து யாரோ, "இடது கையாலயா?" என்று முணுமுணுத்தார்கள். அதுவரைக்கும் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த அண்ணி நிமிர்ந்தார்.

"அந்தக் கையக் காப்பாத்தி வெச்சதே அவருதான். நீங்க வைங்க தம்பி" என்றார்.

சனிக்கிழமை தவறாமல் எனக்கு எண்ணெய் வைத்தவரின் தலை காய்ந்து கிடந்தது. மற்றவர்கள் சாஸ்திரத்துக்குத் தொட்டு வைத்துவிட்டு நகர்ந்திருந்தார்கள். நான் கிண்ணத்தில் இருந்த எண்ணெயை எல்லாம் எடுத்து, உச்சி முதல் பிடரி வரைக்கும் தேய்த்தேன். நேரமாகிறது என்று யாரோ சொன்னார்கள். நான் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.